பதினாறு பக்க மௌனம்

கல்லூரியில் அவளுக்குக் 'கறை மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிவதோடு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. மற்ற ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் மூக்கை வைத்தும் நடையை வைத்தும் வந்தது. ஒருவர் 'தும்மல்', ஒருவர் 'குடைக்கம்பி'. ஆராய்ச்சியால் பட்டப்பெயர் வாங்கியவள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான்.

அந்த ஆராய்ச்சி ஒரு நாவலைப் பற்றியது. நூறு வருஷத்துக்கு முன் எழுதியது. அதற்கும் நூறு வருஷம் முன்னால் அயல்நாட்டில் நடந்த ஒரு புரட்சியின் கதை. தலைநகரத்தில் ஒரு பூட்டுக்காரன். நல்லவன், பயந்தவன், எந்நேரமும் சளி பிடித்தவன். ராஜாவின் சிறைச்சாலைக்குப் பூட்டு செய்து கொடுத்தவர் அவன் அப்பா. ஜனங்கள் கொதித்து எழுந்த அன்று காலை, அந்தப் பூட்டைத் திறக்க அவனால்தான் முடியும் என்று தெருவே அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் ஒரு பக்கம் இப்படி முடியும்: 'பூட்டுக்காரன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.' அடுத்த பக்கம் இப்படி ஆரம்பிக்கும்: 'மூன்று வருஷம் கழித்தும் அந்தக் கறை போகவில்லை. அதே ஊதா நிறம்.'

நடுவில் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு நாவல் முழுக்க அவன் புரட்சியின் வீரன். ஒரு தெருவுக்கு அவன் பெயர் வைக்கிறார்கள். கூட்டம் போட்டு மார்பில் பட்டை மாட்டுகிறார்கள். 'கதவைத் திறந்தவன் நீதானே' என்று யாராவது கட்டிப்பிடித்தால் மட்டும் அவன் தலையைக் குனிந்துகொள்வான். கடைசிப் பக்கத்தில், சாகிற சமயத்தில், 'அந்தக் கதவை நான்...' என்று என்னவோ சொல்ல வருகிறான். சுற்றி நிற்கிறவர்கள் அதற்குள் கைதட்டிவிடுகிறார்கள்.

அவள் அந்த நாவலைத் தேடிப் போகவில்லை. இருபத்து நாலு வயதில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "காலையில முதல் பீரியட்" என்றார்கள். பாதிதான் படிக்க முடிந்தது. பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், என்ன கறை?"

அவள் முந்தின பக்கத்தைப் பார்த்தாள். கறை இல்லை. அதற்கும் முந்தின பக்கத்தைப் பார்த்தாள். சளி இருந்தது, கறை இல்லை. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதைத்தான் ஆசிரியர் சொல்லாம விட்டிருக்கார்."

"ஏன் விட்டார்?"

"சொல்ல முடியாததாலதான்."

நாற்பது பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் அவள் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

வீட்டுக்குப் போய் அதையே ஒரு கட்டுரையாக எழுதினாள். சிறைக்கதவு திறந்தபோது உள்ளே என்ன நடந்தது? படுகொலை. அதை எழுத ஆசிரியரின் பேனா மறுத்துவிட்டது. வாசகனை மூன்று வருஷம் தள்ளி இறக்கிவிட்டு, கறையை மட்டும் காட்டுகிறார். கறை என்பது ரத்தம். ஊதா என்பது ராஜ உடையின் நிறம். புரட்சி செய்தவனின் கையிலும் ராஜாதான் ஒட்டியிருக்கிறான். குனிந்த தலை குற்றவுணர்ச்சி. அச்சில் வந்ததும் பெரியவர்கள் இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். வேலை நிரந்தரமாயிற்று. கட்டுரை வளர்ந்து 'கதவும் கறையும்' என்று புத்தகமாயிற்று. ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. அது அலமாரியின் மேல் நிற்கிறது, பின்னால் இஸ்திரிப் பெட்டியின் பழைய வயர். 'கறை எதைக் குறிக்கிறது?' என்ற கேள்வி முப்பத்து மூன்று வருஷமாக வினாத்தாளில் வந்துகொண்டிருக்கிறது. அவள் சொன்னதை எழுதினால் பத்துக்கு எட்டு. அவள் சொன்ன அதே வார்த்தைகளில் எழுதினால் ஒன்பது.

அடுத்த வருஷம் ஓய்வு. குழந்தை இல்லை. புத்தகம் ஒன்று, புருஷன் ஒருவர். புருஷன் லாண்டரி வைத்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் பதிப்பாளர் அவளைத் தேடி வந்தார். ஒரு பழைய வீட்டைக் காலி செய்த இடத்தில் அந்த நாவலின் முதல் பதிப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. இத்தனை நாள் எல்லோரும் படித்தது பிற்காலத்து மறுபதிப்பு. முதல் பதிப்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"அப்படியே, பக்கத்துக்குப் பக்கம், முழுசாப் போடறோம் மேடம். அட்டையிலயே 'முழுமையான பதிப்பு'ன்னு வருது. உங்க முன்னுரை இல்லாம இந்தப் புத்தகம் வந்தா எனக்கு நல்ல சாவு வராது."

"நீங்க படிச்சீங்களா?"

"நான் எங்க மேடம் படிக்கிறது? அச்சடிக்கவே நேரம் போதல. புரூஃப் தரேன், நீங்க ஒரு பார்வை பாருங்க. நீங்க அடிச்சா அடிச்சதுதான், விட்டா விட்டதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். மனப்பாடமான நாவல் என்பதால் வேகமாகப் போனது. பன்னிரண்டாம் அத்தியாயம். 'பூட்டுக்காரன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.' அடுத்த வரி: 'வாசலில் குளிர் முகத்தில் அறைந்தது. குல்லாயை மறந்துவிட்டோம் என்று உள்ளே திரும்பினான்.'

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

திறந்தது சிறைக்கதவு அல்ல. அவன் வீட்டுக் கதவு. குல்லாய் எடுக்க உள்ளே வந்தவனிடம் அவன் மனைவி, "நிக்கிறதுதான் நிக்கிறீங்க, இந்தப் பானையை இறக்கி வெச்சுட்டுப் போங்க" என்கிறாள். பானையில் பிளம்ஸ் பழ ஜாம் கொதிக்கிறது. இறக்குகிற நேரத்தில் அவனுக்குத் தும்மல் வருகிறது. பானை கவிழ்ந்து, மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த மேஜை விரிப்பின் மேல் ஜாம். பிறகு பதினோரு பக்கத்துக்குச் சண்டை. மாமியார் கொடுத்த விரிப்பில் ஆரம்பித்து, நிச்சயதார்த்தத்தன்று அவன் அக்கா சொன்ன ஒரு வார்த்தை வரைக்கும் போகிறது. வெளியே பீரங்கி வெடிக்கிறது. "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, நான் பேசறது எனக்கே கேக்கல" என்கிறாள் மனைவி. சாயங்காலம்தான் அவனை விடுகிறாள். கருவிப் பையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் சிறைக்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. காவலாளி மத்தியானமே சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான். உள்ளே இருந்த ஏழு கைதிகளும் காவலாளியின் அறையில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். பையோடு நிற்கிற பூட்டுக்காரனைப் பார்த்துக் கூட்டம், "இதோ, திறந்தவன்!" என்று தோளில் தூக்கிக்கொள்கிறது. அவன் மறுக்க வாயைத் திறக்கிறான். தும்மல் வந்துவிடுகிறது.

பிறகு அந்த வரி. 'மூன்று வருஷம் கழித்தும் அந்தக் கறை போகவில்லை. அதே ஊதா நிறம்.'

பக்கங்களை எண்ணினாள். பதினாறு. கணக்கு உடனே புரிந்தது. ஒரே தாளை மடித்துத் தைத்தால் பதினாறு பக்கம். அச்சகத்தில் அதை ஒரு ஃபாரம் என்பார்கள். மறுபதிப்புக்கு எடுத்த பிரதியில் ஒரு ஃபாரம் தையல் விட்டு விழுந்திருக்கிறது. அச்சுக் கோத்தவன் இருந்ததைக் கோத்து, பக்க எண்களை வரிசையாகப் போட்டுவிட்டான். விழுந்த இடம் ஒரு முற்றுப்புள்ளியில் ஆரம்பித்து ஒரு முற்றுப்புள்ளியில் முடிந்ததுதான் விதி. பேனா மறுத்தது, வாசகனைத் தள்ளி இறக்கியது எல்லாம் ஒரு அறுந்த நூலின் வேலை.

நாவலின் மீதியைப் புரட்டினாள். குனிந்த தலை ஒவ்வொன்றும் இப்போது வேறாக இருந்தது. அது குற்றவுணர்ச்சி இல்லை, வெட்கம். அவள் ஆயிரக்கணக்கான பேரை உம்மென்று உட்காரவைத்துப் பாடம் நடத்தியது ஒரு நகைச்சுவை நாவல்.

லாண்டரி வீட்டோடு சேர்ந்ததுதான். நடுவில் ஒரு திரை. திரையை விலக்கிக்கொண்டு போனாள். அவர் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஜாம்ங்க."

"எங்க?" என்று அவர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாவல்ல. அந்தக் கறை. அது ரத்தம் இல்ல. பிளம்ஸ் ஜாமாம்."

அவர் பிரஷை நிறுத்தாமல், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

"எப்ப சொன்னீங்க?"

"கல்யாணமான புதுசுல. கட்டுரையைப் படிச்சுக் காட்டினே. ரத்தம் மூணு வருஷத்துல பழுப்பாயிடும்மா, ஊதாவாவே நிக்கிறது பழக்கறைன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'உங்களுக்குச் சோடா உப்பைத் தவிர வேற என்ன தெரியும்'னு சொன்னே. அதோட நான் இலக்கியத்துல தலையிடறதில்ல."

அவள் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அது வாடிக்கையாளர் மூட்டை. மற்ற நாளாக இருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார்.

"நான் ஒரு கோடு இழுத்தாப் போதும். பதினாறு பக்கமும் போயிடும். பதிப்பாளர் படிக்கல. புரூஃப் பாத்தவனும் எழுத்தைத்தான் பாத்திருக்கான், கதையைப் பாக்கல. இந்த ஊர்ல இது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான்."

"நான்?"

"நீங்க இலக்கியத்துல தலையிடறதில்லையே."

அவர் சிரித்தார். பிறகு சட்டையை மடித்து, மேஜை டிராயரிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அதன் காலரில் பின் குத்தினார். 'முயன்றோம். போகவில்லை' என்று அச்சடித்த சீட்டு. கறை போகாத துணிக்கெல்லாம் அவர் கடையில் அதைக் குத்தித்தான் கொடுப்பார்கள்.

"திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. 'என்னய்யா லாண்டரி வெச்சிருக்கே'ம்பாங்க."

"அது துணி. இது என் பேரு."

"இதுவும் துணிதானேம்மா. மேஜை விரிப்புன்னுதானே சொன்னே?"

அன்றைக்கு அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டு, புரூஃபை விரித்துவைத்து, குல்லாய் வருகிற வரியிலிருந்து சிவப்பில் வெட்டிக்கொண்டு வந்தாள். முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் மனைவி, 'ஊர்க் கதவெல்லாம் திறக்கப் போறீங்களே, நம்ம வீட்டு அலமாரிக் கதவு எட்டு மாசமா இழுத்தா வரல, தெரியுமா?' என்று கேட்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த நாவலைப் படித்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் பேனாவால் மேலே போக முடியவில்லை.

வெட்டியதைத் திரும்பச் சேர்க்கப் புரூஃபில் ஒரு முறை உண்டு. வெட்டிய வார்த்தைகளின் அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். முதல் பக்கம் முழுக்கப் புள்ளி வைத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு முன்னுரை எழுதினாள். நான்கு பக்கம். விழுந்துபோன ஃபாரத்தைப் பற்றி, ஜாமைப் பற்றி, தன் புத்தகம் முழுவதும் தவறு என்பதைப் பற்றி. 'முப்பத்து மூன்று வருஷமாக இல்லாத ஒரு மௌனத்தைக் கற்பித்து வந்தேன்' என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். வெள்ளிக்கிழமை காலை புரூஃபை ஒரு செட் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கொடுத்தனுப்பினாள். இனி ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

ஊர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பதிப்பாளர் கூப்பிட்டார். அவர் அறை அச்சகத்தின் பின்பக்கம். உட்கார வேண்டுமென்றால் ஒரு புத்தகக் கட்டைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். அவளுக்கு முன்பே அவள் துறைத்தலைவர் ஒரு கட்டைத் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் மாணவர்தான். டாக்டர் பட்டம் வாங்கியது அந்த நாவலின் மௌனத்தைப் பற்றி.

"மேடம், முன்னுரை பிரமாதம்" என்று பதிப்பாளர் ஆரம்பித்தார். "ஆனா அந்தப் பதினாறு பக்கம்தான் ஒட்டல. ஜனங்க புரட்சி நாவல்னு வாங்கறாங்க. உள்ள பார்த்தா ஜாம் கொதிக்குது."

"ஆசிரியர் எழுதினது அதுதானே?"

"அதுதான் மேடம் கேள்வியே" என்றார் துறைத்தலைவர். மடியில் அவளுடைய புத்தகம், நிறைய இடங்களில் காகிதத் துண்டு வைத்து. "இது இடைச்செருகல். முதல் பதிப்பு போட்டவன் பக்கம் நிரப்ப யாரையோ வெச்சு எழுதிச் சேத்திருக்கான். நடை இறங்கிப்போச்சு, பாருங்க. பெண்டாட்டி திட்டறா, இவன் தும்மறான்..."

"முதல் அத்தியாயத்துலேர்ந்து தும்மிக்கிட்டுத்தானே இருக்கான்?"

"அது குறியீடு மேடம். அடக்குமுறை. நீங்களே எழுதியிருக்கீங்க, நாப்பத்தேழாம் பக்கம்."

"நான் எழுதினது தப்புன்னுதானேப்பா இப்ப எழுதிக் கொடுத்திருக்கேன்."

துறைத்தலைவர் பரிதாபமாகப் பார்த்தார். "எழுதினவங்களுக்கு எப்பவும் அப்படித் தோணும் மேடம். உங்க புத்தகத்தை உங்ககிட்டேர்ந்து நாங்கதான் காப்பாத்தணும்."

"பெண்டாட்டி திட்டினா நடை இறங்கிடுமா? உங்க வீட்ல என்ன, செய்யுள்லயா பேசிக்கறீங்க?"

பதிப்பாளர் சிரித்துவிட்டு, துறைத்தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம் மேடம். அந்தப் பதினாறு பக்கத்தை வேணும்னா கடைசியில, பொடி எழுத்துல, 'சந்தேகத்துக்குரிய பகுதி'ன்னு..."

"அது இருந்த இடத்துல போடுங்க. இல்லைன்னா என் முன்னுரை வேண்டாம்."

"முன்னுரை இல்லாம எப்படி மேடம்?"

"அப்பப் பக்கத்தைப் போடுங்க."

பதிப்பாளர் இரண்டு கையையும் விரித்தார். அவளும் எழுந்துவிட்டாள். கதவு வரைக்கும் வந்து, "எங்க மேல கோபம் இல்லையே மேடம்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

இரண்டு மாதத்தில் புத்தகம் பார்சலில் வந்தது. அட்டையில் 'முழுமையான பதிப்பு'. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பூட்டுக்காரன் கதவைத் திறந்தான், மூன்று வருஷம் கழித்தும் கறை போகவில்லை. பொடி எழுத்தில்கூடப் பதினாறு பக்கம் இல்லை. முன்னுரை இருந்தது. அவள் இருபத்து நாலு வயதில் எழுதிய கட்டுரை, ஒரு எழுத்து மாறாமல். அதன் உரிமையை அவள் அப்போதே இதே அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பின்னட்டையில் அவள் படம். கீழே, 'இந்நாவலின் மௌனத்தைக் கண்டுபிடித்தவர்.'

புருஷன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "படம் நல்லாத்தாம்மா வந்திருக்கு" என்றார்.

"சீட்டு குத்தித்தான் கொடுத்தேன்" என்றாள். "பிச்சுப் போட்டுட்டு உடுத்திக்கிட்டாங்க."

அடுத்த நாள் முதல் பீரியட் பன்னிரண்டாம் அத்தியாயம். வகுப்பில் அறுபது பேர் தலைப்பைப் போட்டு அடிக்கோடு இழுத்துத் தயாராக இருந்தார்கள். அவள் பையிலிருந்து நகல் எடுத்த காகிதங்களை எடுத்தாள்.

"புத்தகத்தை மூடுங்க. இது உங்க புத்தகத்துல இல்ல. இருந்திருக்கணும்."

முன் பெஞ்சில் ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், இது எக்ஸாம்ல வருமா?"

"வராது."

"இப்படி எழுதினா?"

"மார்க் போட மாட்டாங்க. துறைத்தலைவர்தான் கேள்வித்தாள் எடுக்கறார்."

அறுபது பேனாக்கள் மூடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு, "மேடம், லைப்ரரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். அவள் தடுக்கவில்லை. மற்றவர்கள் வேறு வழியில்லாமல் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் டெஸ்க்கில் தலையை வைத்துக்கொண்டான்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். பாடம் நடத்துகிற குரல்தான் முதலில் வந்தது. குல்லாய் வரைக்கும் யாரும் அசையவில்லை. 'நிக்கிறதுதான் நிக்கிறீங்க' என்ற இடத்தில் பெண்கள் பக்கத்தில் ஒரு சின்ன சத்தம். பானை கவிழ்ந்தபோது தலை வைத்திருந்தவன் நிமிர்ந்தான். அலமாரிக் கதவு வந்தபோது வகுப்பே சிரித்தது. அவளும் வாசிப்பதை நிறுத்தி, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து 'குடைக்கம்பி' வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"மேடம், அந்த ஜாம் சண்டையை இன்னொரு தடவை படிங்க."

"எங்கேர்ந்து?"

"முதல்லேர்ந்து மேடம். அவன் குல்லாயை மறந்தானே, அங்கேர்ந்து."

அவள் காகிதங்களைத் திரும்ப அடுக்கி, முதல் பக்கத்தை மேலே வைத்தாள். பூட்டுக்காரன் வாசலில் நின்றான். பானை இன்னும் அடுப்பில்தான் இருந்தது.